ஒரு ஓட்டில் தோற்ற மேஜர்

அப்பா இறந்து பதினொரு நாள் ஆகிறது. பெயர் மேஜர் ரோலண்ட் தர்ஸ்பி. வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹாலோஃபோர்டில் தொள்ளாயிரம் ஏக்கர் நிலம். நார்மண்டிப் போரில் குண்டு துளைத்த இடது முழங்கால் கடைசிவரை சரியாக மடங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் மாவட்டக் கவுன்சிலர். எதிர்த்து யாரும் நின்றதில்லை.

1973இல் தபால் நிலையம் நடத்திய ஈனிட் ப்ரீஸ் நின்றார். இருபத்திரண்டு பிள்ளைகள் படித்த ஊர்ப் பள்ளியை மூடக் கவுன்சில் திட்டமிட்டிருந்தது. மூடக்கூடாது என்றுதான் அப்பாவும் சொன்னார். ரொம்ப மெதுவாகச் சொல்கிறார் என்பது ஈனிட்டின் புகார்.

மூன்று முறை எண்ணினார்கள். ஈனிட் 612, அப்பா 611.

அப்பா போய்க் கை குலுக்கினார்.

“நீங்க யாருக்குப் போட்டீங்க, மேஜர்?” என்றார் ஈனிட்.

“உங்களுக்குத்தான், மிஸஸ் ப்ரீஸ். எதிர்த்து நிக்கறவங்களுக்குப் போடறது எங்க குடும்ப வழக்கம். நீங்க?”

“எனக்கேதான். பள்ளிக்கூடத்தைக் காப்பாத்த நிக்கறேன். மரியாதை பாக்கவா நிக்கறேன்?”

அப்பாவின் முகம் சிவந்தது. பிறகு சத்தமாகச் சிரித்தார்.

வண்டியில் நான் கத்தினேன். அப்போது பொறியியல் முதலாண்டு.

“ஒரே ஓட்டுப்பா! உங்களுக்கே போட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்க. இப்ப பள்ளிக்கூடம் என்னாகும்?”

“என்னைவிட அந்தம்மா நல்லா சண்டை போடுவாங்க.”

ஆனாலும் மறுநாள் முழுக்க அப்பா யாரிடமும் பேசவில்லை.

கவுன்சில் கூடுவது முப்பது மைல் தள்ளி. ஈனிட்டிடம் கார் இல்லை. காலையில் பேருந்தும் இல்லை. பள்ளியைப் பற்றி முடிவெடுக்கும் நாளன்று ஏழு மணிக்கு அப்பா லேண்ட்ரோவரைத் தபால் நிலைய வாசலில் நிறுத்தினார். நானும் பின்னால் இருந்தேன்.

“தோத்துட்டு டிரைவர் வேலைக்கு வந்துட்டீங்களா?”

“நாய் மயிர் ஒட்டும். பாத்து உக்காருங்க.”

விளையாட இடமில்லை என்பதுதான் பள்ளியை மூடச் சொன்ன காரணம். வழியில் அப்பா ஒரு கடிதத்தை நீட்டினார். பள்ளிக்குப் பின்னாலிருந்த எங்கள் குதிரை மேய்ச்சல் நிலத்தைப் பள்ளிக்கே எழுதித் தந்திருந்தார்.

“கூட்டத்துல நீங்களே படிங்க. நான் பேசுனா அது பண்ணையார் பேச்சாயிடும்.”

ஈனிட் மேசையைத் தட்டிப் பேசினார். அப்பா பார்வையாளர் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான்கு ஓட்டு வித்தியாசத்தில் பள்ளி பிழைத்தது.

அடுத்த நான்கு ஆண்டுகளும் ஈனிட்டைக் கூட்டங்களுக்கு அழைத்துப் போனது அப்பாதான். பிறகு எந்தத் தேர்தலிலும் அப்பா நிற்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பள்ளி மைதானம். ஒரே இரைச்சல். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லட்டுமா என்று பாதிரியார் கேட்டார். எழுபத்தெட்டு வயது ஈனிட் என் கையைப் பிடித்திருந்தார்.

“ஒண்ணும் வேணாங்கய்யா. விளையாடட்டும்.”

இப்போது நாற்பத்தொரு பிள்ளைகள். பந்து ஒன்று சுவரைத் தாண்டி வந்து விழுந்தது. எடுத்துத் திருப்பி வீசினேன்.