வயிற்றில் நட்ட கை

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சலவை ஆலையில் யாருக்கும் அது தெரியாது. அங்கே அவள் எல்லாருக்கும் பட்டாசுதான். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிற ஆலை அது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாத அந்த இரைச்சலிலும் அவள் சிரித்தால் வாசல் காவலாளி வரைக்கும் கேட்கும்.

அவள் கணவன் முடிதிருத்துபவன். கடைத்தெருவில் இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பான். கேட்டால், "என் பங்கையும் சேர்த்து அவளே பேசிடுறாளே" என்பான்.

அவள் நின்றது பெரிய இஸ்திரி இயந்திரத்தில். சூடான நீள உருளைகளுக்கு நடுவில் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று காய்ந்து வரும். வாரக் கடைசியில் உருளைமேல் ஒட்டிய பஞ்சையும் கறையையும் துடைக்க வேண்டும். நிறுத்திவிட்டுத் துடைத்தால் கண்ணுக்குத் தெரிகிற பக்கம்தான் சுத்தமாகும் என்று, மெதுவாக ஓடவிட்டே கையில் துணியைச் சுற்றிக்கொண்டு துடைப்பார்கள். விரல் பட்டதும் இயந்திரம் நின்றுவிடுவதற்காக உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. தொட்டதுக்கெல்லாம் நின்று தொலைக்கிறது என்று மேற்பார்வையாளர் அதைக் கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டிவிட்டார். எல்லாரும் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை, பட்டாசு உட்பட.

அன்றைக்குத் துணியின் முனை உருளைக்குள் போனது. துணியோடு வலது கையும் போனது.

எதிர்ப்பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவள் அவளுடைய ஓரகத்தி, அதாவது கணவனுக்கு அண்ணி. பாய்ந்து போய் சுவிட்சை அடித்தாள். உருளை நின்றது, ஆனால் கை மணிக்கட்டு வரை உள்ளே. சூடு மட்டும் நிற்கவில்லை. ஃபிட்டர் ஓடி வந்தார். அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் ஸ்பானர் போல்ட்டில் உட்காரவே இல்லை.

"அண்ணே, பதறாதீங்க. மூச்சை இழுத்து விடுங்க. நான் நிக்கிறேன்ல" என்றாள் பட்டாசு. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. குரல் மட்டும் கட்டுக்குள் இருந்தது. அதைக் கேட்டபிறகுதான் ஃபிட்டருக்குக் கை நிதானப்பட்டதாம். உருளையைத் தூக்கிக் கையை வெளியே எடுத்ததும் அவள் அண்ணியின் தோளில் சரிந்தாள்.

கடையில் கணவன் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். மேலங்கியோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு அண்ணி வந்து நின்றாள். "கை... மிஷின்ல..." என்றாள். கத்தி அப்படியே மேசையில் விழுந்தது. நாற்காலியில் இருந்தவர் துண்டை உதறிவிட்டு எழுந்து, "வாங்க, வண்டி இருக்கு" என்றார். பாதி முகத்தில் நுரையோடு ஊரே பார்க்க வண்டி ஓட்டிக்கொண்டு போய் அவனை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார் அந்தப் புண்ணியவான்.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஒரு குள்ளமான அம்மா. சுற்றி வளைக்காமல் சொன்னார். "ரெண்டு விரலைக் காப்பாத்த முடியலை. மிச்ச மூணு இருக்கு. ஆனா கைமேல தோலே இல்லை. அப்படியே விட்டா நரம்பெல்லாம் காஞ்சு போயிடும். அடிவயித்துத் தோலைக் கொஞ்சம் பிரிச்சு, அதுக்குள்ள கையை வெச்சுத் தைக்கப்போறேன். மூணு வாரம் அங்கேயே இருக்கட்டும்."

அவனுக்குப் புரியவில்லை. "வயித்துலயா?"

"ஆமா. வயித்து ரத்தம் அந்தத் தோலை உயிரோட வெச்சிருக்கும். தோல் கையில பிடிச்சதும் வெட்டிப் பிரிச்சிடலாம். நாத்து நடுற மாதிரின்னு வெச்சுக்கங்க."

மூன்று வாரமும் அவள் தன் வயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு படுத்திருப்பவள்போலக் கிடந்தாள். அவன் கடையைப் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தான். ஊட்டிவிட்டான், உடம்பு துடைத்துவிட்டான், தலை வாரினான். ஊரிலுள்ள தலையையெல்லாம் வெட்டியவனுக்குச் சடை பின்னத் தெரியவில்லை. "வெட்டுறதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாதா உங்களுக்கு?" என்று அவள் கேட்டபோது அந்த வார்டே சிரித்தது. ராத்திரி அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுததை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

பிரித்தெடுத்த பிறகு நர்ஸ் கட்டை அவிழ்த்துக் காட்டினாள். கொழுக்கட்டைபோல உப்பிய ஒரு கை. நர்ஸ் அந்தத் தோலில் விரலை அழுத்தி எடுத்தாள். வெளுத்த இடம் மெல்ல மெல்ல மறுபடி சிவந்தது.

"ரத்தம் ஓடுது பாருங்க" என்றாள்.

வயிற்றில் இருந்த தோல் கையில் உட்கார்ந்து, அந்தக் கையின் ரத்தத்தையே குடித்துப் பிழைக்கிறது. யாரைக் கும்பிடுவது, அந்தக் குள்ள டாக்டரையா, இந்த உடம்பையா என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் புறங்கையில் அதைக் கவனித்தான். அவளுடைய அடிவயிற்றில் இருந்த மச்சம். உலகத்தில் அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்தது. நர்ஸ் எதிரில் அவன் காது சிவந்துபோனது.

"பார்த்தீங்களா, உங்க ரகசியம் சந்திக்கு வந்துடுச்சு" என்றாள் பட்டாசு.

அந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்க வெகுநாள் ஆனது. தினமும் துணிக் கிளிப்பை அழுத்தப் பழகினாள். கோபத்தில் அதைச் சுவரில் எறிந்த நாட்களும் உண்டு. வயிற்றுத் தோல் ஆயிற்றே, அவள் உடம்பு கொஞ்சம் பூசினால் வயிறு பருக்கும் முன்னே கை பருத்தது. "எனக்குத் தராசே வேண்டாம், கையைப் பார்த்தாலே போதும்" என்று அதையும் சிரிப்பாக்கினாள். ஆனால் அந்தத் தோலுக்கு உணர்ச்சி இல்லை. கிள்ளினாலும் தெரியாது. வருமா என்று கேட்டால், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

விசாரணை வந்தது. தடுப்புக் கம்பியின் கட்டு அவிழ்ந்தது, மேற்பார்வையாளர் மாறினார். பட்டாசு மடிப்பு மேசைக்குத் திரும்பினாள். இப்போது இயந்திரத்தை அடியோடு நிறுத்திப் பூட்டுப் போட்ட பிறகுதான் துடைக்கிறார்கள். கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் துடைப்பதால் நேரம் பிடிக்கும். சாவி துடைப்பவள் கழுத்தில் தொங்கும். புது மேற்பார்வையாளர் ஒருநாள், "கொஞ்சம் ஓடவிட்டா சட்டுனு முடிஞ்சுடுமே" என்று இழுத்தார். பட்டாசு எதுவும் பேசாமல் வலது கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். பட்டாசு வெடிக்காமல் காரியம் முடிந்தது அன்றைக்கு ஒருநாள்தான் என்பாள் அண்ணி.

அடுத்த ஆண்டு ஒரு விடுமுறைநாள் காலை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், "என்னங்க, இங்க வாங்களேன்!" என்று போட்ட சத்தத்தில் அவன் பதறியடித்து ஓடினான். அவள் சுவரோரம் வலது கையை நீட்டியபடி அசையாமல் நின்றாள். புறங்கையில் ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஊருதுங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி. "கண்ணை மூடிக்கிறேன். அது எங்க போகுதுன்னு நான் சொல்றேன், நீங்க பாருங்க."

கண்ணை மூடினாள். விரல் பக்கம், என்றாள். இப்போ திரும்புது. மணிக்கட்டு. எல்லாம் சரியாக இருந்தது. அவன் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தான். பாதியில் அவனுக்குக் குரல் எழும்பவில்லை.

"ஏன் பேசாம இருக்கீங்க? தப்பா?"

"சரிதான். நீ சொல்லு" என்றான்.