பின்பக்கத்துப் பம்பு

பெட்ரோல் பங்கில் அவளுக்குப் பெயர் சீரோ அக்கா. வண்டி வந்து நின்றதும், குழாயில் கை வைப்பதற்கு முன்பே, "சீரோ பாருங்க. பாத்தாச்சா?" என்று கேட்டுவிடுவாள். பார்த்தாச்சு என்று வாயால் சொன்னால் போதாது. தலையைத் திருப்பி மீட்டரைக் கண்ணால் பார்த்தால்தான் விசையை அழுத்துவாள். அவசரக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

"உங்கள நம்புறேன்க்கா, போடுங்க!"

"என்னை எதுக்கு நம்புறீங்க? மீட்டரைப் பாருங்க."

மீட்டரையும் அவள் முழுசாக நம்பியதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், காரில் வந்த ஒருவர் டேங்கை நிரப்பிக்கொண்டு போய், அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, பாதிதான் ஊற்றினாள் என்று ஊரைக் கூட்டினார். அவள் சத்தியம் பண்ணினாள், அழுதாள். சட்டை கசங்காத ஆள் சொன்னதுதான் எடுபட்டது. முதலாளி ஒரு வார்த்தை விசாரிக்காமல் அவளை மன்னிப்புக் கேட்க வைத்தார். அன்றைக்குச் செத்த வாய், அடுத்த நாள் இந்த ஒரே கேள்வியோடுதான் உயிர் பெற்றது.

அதன் பிறகு அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாழப் பழகிவிட்டாள். காய்கறிக் கடைக்காரர் தராசைத் தூக்கினால், தட்டின் அடியில் குனிந்து பார்ப்பாள். மருந்துக் கடையில் தேதியைப் படித்துவிட்டு, மாத்திரை அட்டையிலும் பெட்டியிலும் ஒரே தேதிதானா என்று ஒத்துப் பார்ப்பாள். கல்லூரிக்குப் போகும் மகள், "பஸ் லேட்டும்மா" என்றால், "எந்த பஸ்? டிரைவர் குண்டா ஒல்லியா?" என்று குறுக்கு விசாரணை நடக்கும். மகள் அவளை வீட்டிலேயே ஒரு போலீஸ் ஸ்டேஷன் என்று சொல்லிச் சிரிப்பாள். அந்த ஸ்டேஷனில் ஒரு தடவைகூடக் கூப்பிட்டு விசாரிக்கப்படாதவர் அவள் வீட்டுக்காரர் மட்டும்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசாதவர். ஓட்டி முடித்து வந்து காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார் என்றால், அன்றைய நாளை அப்படியே ஒப்பிப்பார். அதில் எதைச் சந்தேகப்படுவது?

எண்ணெய் விலை ஏறத் தொடங்கியபோதுதான் ஊருக்கே சீரோ அக்காவின் குணம் தொற்றிக்கொண்டது. தொலைக்காட்சியில் அமைச்சர் உலகச் சந்தையைக் கை காட்டினார். உலகச் சந்தையில் விலை இறங்கிய மாதத்தில் அதே அமைச்சர், ரோடு போட வரி வேண்டாமா என்று கேட்டார். எதிர்க்கட்சிக்காரர் மேசையைத் தட்டினார். அவர் ஆண்ட காலத்திலும் இதே வரிதான் என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. ஏறும்போது ராத்திரியோடு ராத்திரியாக ஏறுகிற விலை, இறங்கும்போது மட்டும் ஏன் முழங்கால் வலிக்காரன் படி இறங்குவது மாதிரி இறங்குகிறது என்று வண்டிக்கு வண்டி கேட்டார்கள். கேட்டது அவளைத்தான். விலையை அவள் வைப்பது மாதிரி, அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

முதலாளியிடம் ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள்.

"எனக்கு என்னம்மா லாபம்? லிட்டருக்கு ஏதோ கமிஷன் குடுக்குறாங்க. விலை ஏறினா எனக்கும் தலைவலிதான்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

தலைவலிக்காரர் ஏன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார் என்பது அவளுக்கு விளங்கவில்லை. விலை ஏறப் போகும் நாள்களில் அவருடைய செருப்புச் சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

வீட்டிலும் இதே கதை. "நாளைக்கு ஏறுமா?" என்று வீட்டுக்காரர் தினமும் கேட்டார்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"நாள் பூரா அங்கதானே நிக்கிற? முன்கூட்டியே சொன்னா நான் நிரப்பி வச்சுக்குவேன்ல. நீங்க எல்லாரும் ஒரே கூட்டு."

அவள் முதலாளிக்காக மூடி மறைக்கிறாள் என்று அவர் நினைத்தார். அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. பிறகு சில வாரங்களில் அவர் அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டார். ஒருவழியாகத் தன்னை நம்பிவிட்டார் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

இந்த நிலையில்தான் வாடகைக் கார் ஓட்டுநர் சங்கம் போராட்டம் அறிவித்தது. சங்கத் தலைவரை எல்லோரும் மைக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். பேசக் கூப்பிட்டால் மைக்கை விடமாட்டார், கூப்பிடாவிட்டாலும் அதுதான் கதி. வெள்ளிக்கிழமை மாலை பங்க் வாசலில் கண்டன ஆர்ப்பாட்டம், வண்டிகளைக் குறுக்கே நிறுத்தி வியாபாரத்தையே முடக்குவோம் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் டேங்கர் லாரி வந்து இறக்கிவிட்டுப் போனது. அவள் அப்போது இரண்டு சக்கர வண்டி வரிசையில் மும்முரமாக இருந்தாள். மதியம், வழக்கமாகத் தூங்கும் நேரத்தில், முதலாளி பங்குக்கு வந்தார். வந்தவர் நேராக அறைக்குள் போய் 'பெட்ரோல் இருப்பு இல்லை' என்ற பலகையைத் தூக்கி வந்து வாசலில் வைத்தார். பலகையில் பொட்டுத் தூசு இல்லை. அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

"காலையில லோடு வந்துச்சே முதலாளி?"

"அது டீசல். பெட்ரோல் வரல. கேட்டா டிப்போவுல தரலன்னு சொல்லு."

வந்தது டீசலாகவும் இருக்கலாம். எந்தத் தொட்டியில் குழாய் மாட்டினார்கள் என்று அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதற்குத் தன்னையே நொந்துகொண்டு, வாசலுக்குப் போய் நின்றாள்.

அதற்குள் விலை ஏறப் போகிறது என்ற செய்தி காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. வரிசை பங்கைத் தாண்டி, வங்கியைத் தாண்டி, திருப்பம் வரைக்கும் போய்விட்டது. ஒவ்வொரு வண்டியாகக் கை விரித்தாள்.

"இல்லைங்க. லோடு வரலைங்க."

"பதுக்குறீங்களா?"

"இல்லைங்க."

"நாளைக்கு விலை ஏறினதும் மட்டும் வந்துடுமா?"

அவள் அடுத்த வண்டிக்கு நகர்ந்தாள். வரிசையில் பள்ளி வேன் ஓட்டுகிற பெண்ணும் இருந்தாள். தினமும் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து போட்டுக்கொள்கிறவள். பழகிய முகம். சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அக்கா, முள்ளு அடியில கிடக்கு. சாயங்காலம் பிள்ளைங்கள எடுக்கணும். நீங்க எங்கிட்ட பொய் சொன்னதில்ல. நெஜமாவே இல்லையா?"

சீரோ அக்கா ஒரு கணம் தயங்கினாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. ஆனால் முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றாள்.

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தாள். கிளம்பினால் பாதி வழியில் நின்றுவிடும் என்ற பயம் போலிருக்கிறது.

வெயிலும் பொய்யும் சேர்ந்து சீரோ அக்காவின் முகத்தைச் சுட்டன. முகம் கழுவலாம் என்று பின்பக்கத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். கட்டடத்துக்குப் பின்னால், முன்பக்கத்துப் பெட்ரோல் தொட்டியிலிருந்தே இழுக்கிற பழைய பம்பு ஒன்று உண்டு. முதலாளியின் சொந்த வண்டிகளுக்கு மட்டும்தான் அதைத் திறப்பார்கள். அது இப்போது உறுமிக்கொண்டிருந்தது.

சுவர் ஓரமாக எட்டிப் பார்த்தாள். பின்வாசல் வழியாக வாடகைக் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றிருந்தன. பங்க் மேனேஜர் தன் கையாலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். மைக்கு பக்கத்தில் நின்று, வாயே திறக்காமல், கையால் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அந்த ஆளை அவ்வளவு அமைதியாக அவள் பார்த்ததே இல்லை. டிக்கி திறந்திருந்த கார் ஒன்றில் பிளாஸ்டிக் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்த முதுகு அவளுக்குப் பழக்கமான முதுகு. காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டை.

அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். பிறகு, டயரில் ஏதோ கோளாறு இருப்பது போலக் குனிந்துகொண்டார்.

எல்லாம் அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. சங்கத்து வண்டிகளுக்குப் பழைய விலையில் நிரப்பித் தருவது. சங்கம் வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தாமல், அரசாங்கத்தைத் திட்டிவிட்டுக் கலைந்து போவது. காதும் காதும் வைத்தாற்போல் முடிந்த பேரம். 'நாளைக்கு ஏறுமா' என்று வீட்டுக்காரர் கேட்பதை நிறுத்தியது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவருக்குச் சொல்ல வேறு ஆள் கிடைத்துவிட்டது.

அவள் முகம் கழுவவில்லை. விறுவிறுவென்று முன்னால் வந்து, பலகையைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். கண்ணாடி அறைக்குள் நுழைந்து, முன்பக்கத்துப் பம்புகளின் சுவிட்சைப் போட்டாள்.

முதலாளி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஏம்மா, யாரக் கேட்டுப் போட்ட?"

"பின்னாடி ஓடுதே, அதக் கேட்டுத்தான்."

"கத்தாத. வெளிய கேக்கும்."

"அதுக்குத்தான் முதலாளி மெதுவாப் பேசுறேன். நான் கத்தணும்னா சொல்லுங்க."

வெளியே வரிசை முழுக்க ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. மீட்டரில் விளக்கு எரிவதை முன்னால் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். இனி அணைத்தால் கண்ணாடி மிஞ்சாது என்பது முதலாளிக்குத் தெரியாதா? ஒரே நொடியில் முகத்தை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "லோடு இப்பதாங்க வந்துச்சு! தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு!" என்று இரண்டு கைகளையும் தூக்கினார். லாரியே இல்லாமல் வந்த லோடு. நாலு பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு வண்டியை நகர்த்துகிற அவசரம்.

அவள் நேராக ஓரம் கட்டியிருந்த வேனிடம் போனாள். "முதல்ல உனக்குப் போடறேன், வா."

வேன்காரி வண்டியை எடுத்து வந்தாள். ஊற்றி முடிக்கும் வரை மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "இப்பதான் வந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் சீரோ அக்கா.

வேன்காரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

தொட்டி வற்றும் வரை பழைய விலைக்கே விற்றார்கள். மாலையில் ஆர்ப்பாட்டமும் நடந்தது. மைக்கு தொண்டை கிழிய அரசாங்கத்தைச் சாடினார். பங்கைப் பற்றி மூச்சு விடவில்லை. பின்வாசலில் கார்கள் வந்து போனதைப் பார்த்திருந்த ஒருவர் கூட்டத்திலிருந்து, "டிக்கியத் திறந்து காட்டிட்டுப் பேசுய்யா" என்று கத்தியதும், மைக்கில் கோளாறு என்று கூட்டத்தைச் சீக்கிரமே முடித்துக்கொண்டார்.

வீட்டில் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"உங்கிட்ட எப்படிச் சொல்றது? உனக்கு ஊர்ல எல்லார் மேலயும் சந்தேகம்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "பொழப்ப ஓட்ட வேணாமா? வண்டி வாடகையும் ஏறுது, எண்ணெயும் ஏறுது. சவாரி வர்றவன் பழைய ரேட்டுக்குத்தான் பேரம் பேசுறான். இதச் செஞ்சது நான் ஒருத்தனா?"

"ஊர்ல எல்லாரையும் சந்தேகப்பட்டேன். உங்கள மட்டும் விட்டுட்டேன். அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கிறேன்."

அவர் சமாதானத்துக்கு வந்து பார்த்தார். கேன்களை விற்கவில்லை, சொந்த வண்டிக்குத்தான் என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மறுநாளிலிருந்து அவர் அன்றைய நாளை ஒப்பிக்கத் தொடங்கினால், அவளுடைய காது தானாகவே கூர்மையாகிவிடும். எந்தத் தெரு, எந்தச் சவாரி என்று கேட்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொள்வாள். சில நாள் கேட்டும்விடுவாள்.

முதலாளி அவளை உடனே வெளியே அனுப்பவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. விலை ஏறிய இரண்டாம் நாள் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லிப் பேசினார்.

"இங்க பாரும்மா. பழைய விலைக்கு வித்த காசுல இப்ப அதே அளவு லோடு எடுக்க முடியாது. புது விலையில கம்மியாத்தான் வரும். மிச்சத்துக்கு நான் வட்டிக்கு வாங்கணும். விலை குறையிற அன்னைக்குத் தொட்டி நிறைய இருந்தா, அந்த நஷ்டம் யாருக்கு? எனக்கு. அப்ப யாராவது வந்து கேக்குறாங்களா? ஏறும்போது கொஞ்சம் புடிச்சு வச்சாத்தான் ரெண்டும் சரியாகும்."

அவள் யோசித்துப் பார்த்தாள். கணக்கு பொய்யாகத் தெரியவில்லை. அதுதான் அவளைக் கலங்க வைத்தது. வீட்டுக்காரர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இவர் சொல்வதிலும் இருக்கிறது. அமைச்சரை நேரில் பார்த்தால் அவரிடமும் ஒரு நியாயம் இருக்கும். எல்லோருடைய நியாயமும் கடைசியில் அந்த வேன்காரியின் டேங்கில்தானே வந்து இறங்குகிறது?

"அப்படின்னா அதையே பலகையில எழுதி வச்சிருக்கலாமே முதலாளி" என்றாள்.

அவர் கல்லாவைப் பூட்டிக்கொண்டு எழுந்தார். அடுத்த நாள் முதல் அவளைப் பம்பிலிருந்து மாற்றி, மூலையில் டயருக்குக் காற்றுப் பிடிக்கிற இடத்தில் போட்டார். அங்கே பொய் சொல்ல வேண்டிய வேலை இல்லை. வண்டிகளும் குறைவு. வருகிறவர்களில் சிலர் அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்கள். வேறு சிலர், இவளும் முதலில் அந்தக் கூட்டில் இருந்தவள்தானே என்று காதுபடவே பேசிக்கொண்டார்கள். அவள் யாரையும் மறுக்கவில்லை.

ஒருநாள் பள்ளி வேன் காற்றுப் பிடிக்க வந்தது. வேன்காரி இறங்கி, அளவைச் சொல்லிவிட்டு, தள்ளி நின்றாள். சீரோ அக்கா நாலு சக்கரத்துக்கும் பிடித்துவிட்டு நிமிர்ந்தாள். வேன்காரி கைப்பையிலிருந்து சின்னதாக ஒரு காற்றுமானியை எடுத்தாள். ஒவ்வொரு சக்கரமாக உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, தானே வைத்துப் பார்த்தாள். கடைசிச் சக்கரத்தை முடித்து எழுந்தபோது அவள் முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா."

"இதுல என்னம்மா இருக்கு" என்றாள் சீரோ அக்கா. நெஞ்சில் எங்கோ வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவள் கண் அந்தக் கருவியின் மேலேயே இருந்தது. "இங்க இருக்கிற மிஷினும் முதலாளி மாட்டினதுதானே. சரியா காட்டுதான்னு எனக்கே ஒரு சந்தேகம். இத எங்க வாங்கின?"

வேன்காரி சிரித்துவிட்டாள். கடைக்கு வழி சொல்லிக்கொண்டே கருவியை அவள் கையில் கொடுத்தாள்.