மாரியில் காய்ந்த கருவாடு

கொழும்புக் கணக்காய்வு நிறுவனத்தின் ஆள், மன்னாரில் கணக்கு எழுதும் என் சின்னக் கந்தோரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், என் வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களைக் கேட்டார்.

“நீங்கள் பில்லுகளை மட்டும் அனுப்புங்கோ சேர். மிச்சத்தை எங்கட சொப்ட்வெயார் பாக்கும். உங்களுக்கு கொமிஷன்.”

“வரிக் கந்தோரில கூப்பிட்டா ஆர் போறது?”

“நீங்கள்தான் சேர். உள்ளூர் ஆள்தானே.”

லாபம் அவர்களுக்கு, அடி எனக்கு. எண்களைக் கொடுக்காமல் தேத்தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த கிழமை சிலாவத்துறைக் கருவாட்டு முதலாளி ஹாஜியார் தன் பைல்களைத் திருப்பிக் கேட்டு வந்தார். கந்தோர் வாடகையும் உதவியாளர் மேரியின் சம்பளமும் அவருடைய வேலையில்தான் ஓடின.

“கோவிக்காதீங்க சேர். அந்தக் கொழும்புக்காரங்க பாதிக் காசுக்குச் செய்யிறாங்க. உங்களிட்ட வந்தா ஒரே விசாரணை. பொலிஸில கூட இப்பிடிக் கேக்கமாட்டாங்க.”

உண்மைதான். உப்பு எவ்வளவு வாங்கினீர்கள், எந்த மாதம் காயவைத்தீர்கள் என்று குடைவேன். பெற்ற தாய் பற்றுச்சீட்டுத் தந்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவன் நான். ஹாஜியாரின் எண்ணைக் கொழும்பு ஆளுக்கு மேரி கொடுத்திருப்பாளோ என்றுகூடச் சந்தேகப்பட்டு, அவளிடமே கேட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கந்தோரை மூடவேண்டி வருமோ என்று பயந்தேன்.

சில மாதம் கழித்து ஹாஜியார் வாடிய முகத்தோடு வந்தார். குளிரறை கட்ட வங்கிக் கடன் கேட்டிருக்கிறார். புதிய கணக்கில் வருட விற்பனையைப் பன்னிரண்டாகப் பிரித்து, எல்லா மாதமும் ஒரே அளவு கருவாடு காய்ந்ததாகப் போட்டிருந்தார்கள். வங்கி முகாமையாளர் பக்கத்து முருங்கன் ஊர்க்காரர். மழையை அறிந்தவர்.

“‘கார்த்திகை மழையில எந்த வெயிலில காயப்போட்டனீங்கள்?’ எண்டு கேட்டாரு சேர். கள்ளக் கணக்கெண்டு நினைச்சு, கடன் மனுவைத் திருப்பித் தந்திட்டாரு.”

“கையெழுத்து வைக்க முதல் பாக்கேல்லையா?”

“அவங்க ஒண்டுமே கேக்கல்ல. நானும் சந்தோசமா வெச்சிட்டன்.”

மறுபடி உட்கார்த்தி வைத்து எல்லாவற்றையும் குடைந்தேன். இம்முறை அவர் முகம் சுளிக்கவில்லை. மாதவாரியாகக் கணக்கைத் திருத்திக் கொடுத்ததும் கடன் கிடைத்தது. பிறகு இரண்டு படகு முதலாளிகளையும் அவரே கூட்டி வந்தார். இன்று என் வேலையில் பெரும்பங்கு கடனுக்கான கணக்கறிக்கைதான்.

இத்தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பில் பதியும் வேலை இனி மலிந்துகொண்டே போகும். கேள்வி கேட்பதற்குக் கூலி வாங்கப் பழகுங்கள். நானும் ஹாஜியாரிடம் கட்டணத்தைக் கூட்டிச் சொன்னேன். பேரம் பேசாமல் “சரி சேர்” என்றார். பழக்க தோஷம், அவர் ஏன் பேரம் பேசவில்லை என்று இன்னும் சந்தேகத்தோடு யோசித்துக்கொண்டிருக்கிறேன்.