வில்லங்கமில்லாத வீடு

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் இது கற்பனை இல்லை. என் அக்காவுக்கு நடந்தது. பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், தெருவில் ஆட்கள் போய்வந்துகொண்டிருக்கும்போது நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவனோ கிளப்பிவிட்ட புரளியை நம்பிப் பகலில் தைரியமாகத் திரிகிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா பயந்தாங்கொள்ளி இல்லை. சந்தேகப் பிராணி. மாத்திரை வாங்கினால் தேதியைக் கடைக்குள் ஒருமுறை பார்ப்பாள், வெளிச்சத்துக்கு வந்து இன்னொருமுறை பார்ப்பாள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்தியே மூணு இடத்துல விசாரிச்சவடா உங்க அக்கா" என்று அத்தான் எல்லோரிடமும் சொல்வார். அது பெருமையா புலம்பலா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. சொந்த வீடு. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு வாடகை வீடாக மூட்டை கட்டியே சலித்துப்போனவள். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட அடுத்தவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். "என் சுவர்ல, என் இஷ்டத்துக்கு, நான் ஆணி அடிக்கணும்டா" என்பாள். சொல்லும்போது கண் கலங்கிவிடும். அப்படி என்னதான் மாட்டப் போகிறாய் என்று நான் கேலி செய்தால் அடிக்க வருவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு வீடு அமைந்தது. மூன்று அறைகள், நல்ல காற்றோட்டம், பின்பக்கம் துளி மண். விலையும் நியாயம். நியாயமாக இருந்ததாலேயே அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வில்லங்கமே இல்லாத வீடும்மா" என்றார் புரோக்கர். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர் அவர்.

சொத்தின் மேல் கடன், அடமானம், வழக்கு இருந்தால் அதைத்தான் வில்லங்கம் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. சின்ன வயதில் நான் வாசலில் தலையைக் காட்டினாலே "வந்துடுச்சு வில்லங்கம்" என்பாள் அக்கா.

ஓனர் நாற்பதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். இரண்டு தடவை வீட்டைக் காட்ட வந்தார். இரண்டு தடவையும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க உள்ள வரலையா?"

"தூசி ஒத்துக்காதுங்க. நீங்க பாருங்க... நிதானமா பாருங்க."

உள்ளே போனால் தூசியே இல்லை. ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு, தரை நேற்றுத் துடைத்தது போல இருந்தது. பின்னறையில் மட்டும் பூட்டுத் தொங்கியது. சாவிக்கொத்தில் அதன் சாவியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிச் சிரித்தார் புரோக்கர். அக்கா அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

கொஞ்சம் முன்பணம் கொடுத்து, காகிதங்களை வாங்கித் தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் கொடுத்தார்கள். மூலப்பத்திரத்திலிருந்து நேற்றுக் கட்டிய ரசீது வரை அவர் ஒரு வாரம் துருவினார்.

"ஒரு குறையும் இல்ல. எல்லாம் சுத்தம்."

"பாக்கி?"

"அதுவும் இல்லம்மா. வீட்டு வரி, தண்ணி, கரண்ட்... எல்லாம் மாசம் தவறாம கட்டியிருக்கு."

அத்தான் நிம்மதியாக மூச்சு விட்டார். அக்கா விடவில்லை.

"பூட்டிக் கிடக்கற வீட்டுக்குத் தண்ணி பில்லு எதுக்கு மேடம் வரும்?"

வக்கீலம்மா ரசீதுகளை மறுபடி புரட்டினார். ஓனருக்குப் போன் போட்டார். புரோக்கர் கட்டியிருப்பார் என்றார் ஓனர். புரோக்கருக்குப் போட்டார். ஓனர்தான் கட்டுகிறார் என்றார் புரோக்கர். வக்கீலம்மா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பத்திரம் ஓனர் பேர்ல இருக்கு, சரி. சுவாதீனம், அதான் வீடு யார் கைவசம் இருக்குன்னு பார்க்கணும். உள்ள யாராவது குடியிருந்து அதை மறைச்சு உங்க தலையில கட்டிட்டாங்கன்னா, அப்புறம் அவரைக் கிளப்பறதுக்குள்ள உங்க பாதி ஆயுசு போயிடும். சொல்லாம கொள்ளாம ஒரு நாள் போய்ப் பாருங்க. ஆள் இருந்தா, யார் இருக்கச் சொன்னதுன்னு கேளுங்க. அது ஒண்ணுதான் முக்கியம்."

அக்காவுக்கு இது போதாதா? ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வேண்டும் என்று புரோக்கரிடம் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டாள். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். மதியம் இரண்டு மணிவாக்கில் தனியாகக் கிளம்பிப் போனாள்.

கேட்டைத் திறந்ததுமே கால் நின்றுவிட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் சுவரில் தண்ணீர் மீட்டர். அதன் சிவப்பு முள் சுற்றிக்கொண்டிருந்தது. நிதானமாக... நிற்காமல்...

உள்ளே எங்கோ தண்ணீர் ஓடுகிறது.

"மாட்டினாங்க" என்று முணுமுணுத்தாளாம். அந்த நிமிடம் அவளுக்குப் பயமே இல்லை. திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற சந்தோஷம்தான். யாரோ ஒரு குடித்தனக்காரர் உள்ளே இருக்கிறார், ஓனரும் புரோக்கரும் கூட்டுச் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டாள்.

வாசல் கதவைத் திறந்தாள். கூடம் காலி. சமையலறைக் குழாய் மூடியிருந்தது. குளியலறைக் குழாயும் மூடியிருந்தது. ஆனால் அங்கே தரை ஈரமாக இருந்தது.

பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. மீதி இருந்தது பின்னறை மட்டும்.

கொத்தில் இருந்த சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். கடைசிச் சாவி பூட்டுக்குள் போனது. க்ளிக்.

கதவைத் தள்ளினாள்.

கதவைப் பார்த்தபடி ஒரு மர நாற்காலி. அதில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தடித்த கண்ணாடி. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. மடியில் மடித்த துண்டு. அவளைக் கண்டதும் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்திருக்கப் பார்த்தார். எழ முடியாமல் எழுந்துகொண்டிருந்தார்.

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த நேரத்தில் வாயில் என்ன வரும்? சண்டை போடப் போயிருந்தாலும் அதுதான் வரும். அக்காவுக்கும் அதுதான் வந்தது.

"ஐயோ, இருங்க இருங்க... எழுந்திருக்காதீங்க."

பெரியவர் பாதியில் அப்படியே நின்றார். அவளை உற்றுப் பார்த்தார்.

"இருக்கவா?"

"இருங்க. பரவாயில்ல."

மெதுவாக உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டார். அழுகிறாரோ என்று அக்காவுக்குத் தோன்றியது. பாவம் என்றும் தோன்றியது. ஆனாலும் வந்த வேலையை அவள் மறக்கவில்லை.

"நீங்க யாருங்க?"

"குடியிருக்கேன்."

"யார் இருக்கச் சொன்னது?"

"இதுவரைக்கும் யாரும் சொல்லல."

அப்போதுதான் கவனித்தாள். அறையில் பாய் இல்லை. படுக்கை இல்லை. ஒரு டம்ளர்கூட இல்லை.

மின்விசிறி இல்லாத, ஜன்னல் அடைத்த அறை. இவளுக்கு வேர்த்து ஊற்றுகிறது. அவர் சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"நான் ஓனர்கிட்ட பேசிக்கறேன்" என்று சொல்லிப் பின்னால் நகர்ந்தாள்.

"பேசிட்டு வாங்க" என்றார் அவர். "இல்லன்னா நான் வர்றேன்."

கூடத்தைத் தாண்டினாள். நடந்துதான் வந்தாள், ஓடவில்லை. இன்றும் அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வாள்.

வாசலைப் பூட்டினாள். கேட்டுக்கு வந்தாள். மீட்டரைப் பார்த்தாள்.

முள் நின்றிருந்தது.

அப்போது இடது கையில் ஏதோ கனத்தது. விரித்துப் பார்த்தாள். பின்னறைப் பூட்டு.

அந்தப் பூட்டைத் திறந்தது அவள்தான்...

வெளியிலிருந்து.

அன்று சாயந்திரம் வக்கீலம்மா அறையில் பஞ்சாயத்து. அத்தான், ஓனர், புரோக்கர் எல்லோரும் வந்திருந்தார்கள். பயத்தையெல்லாம் கோபமாக மாற்றிக் கொட்டினாள் அக்கா. வயதானவரை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறீர்களே, மனிதர்களா நீங்கள் என்று மேசையைத் தட்டினாள்.

புரோக்கர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் அக்கா பார்த்தது அன்றுதான்.

ஓனர் எதையும் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவர் எழுந்திருச்சாரா?"

"எழுந்திருக்கப் பார்த்தார். நான்தான் இருங்கன்னு சொன்னேன்."

"நீங்க சொன்னீங்களா? உங்க வாயால?"

"ஆமா. வயசானவர்கிட்ட வேற எப்படிப் பேசுவாங்க?"

ஓனர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் அத்தான் நினைத்தார். கையை எடுத்தபோது பார்த்தால், பல வருடமாகத் தூங்காத மனிதன் தூங்கி எழுந்தது போல முகம் தெளிந்திருந்தது.

"நீங்க நல்லா இருக்கணும்மா" என்று அக்காவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் புரோக்கர் வந்தார். முன்பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார். வீடு விற்பதாக இல்லை என்றார். ஏன் என்று கேட்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

யாரோ கூட விலை கொடுத்திருப்பான் என்று அக்கா திட்டித் தீர்த்தாள். அந்த ஆணி அடிக்கிற சுவர் கைநழுவிப் போனதில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியவரைப் பற்றி அத்தான் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

மூன்று மாதம் கழித்து அக்காவுக்கு அந்தத் தெரு வழியாக வர வேண்டியிருந்தது. 'விற்பனைக்கு' போர்டு இல்லை. வாசலில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னறை ஜன்னல் திறந்து கிடந்தது. தூசி ஒத்துக்காத அந்த ஓனர் உள்ளே லுங்கியோடு சாவகாசமாக நடமாடிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டில் துணி தைக்கிற அம்மாவிடம் விசாரித்தாள்.

"அவங்க வீடுதானேம்மா. ஆறு வருஷமா அந்த போர்டு தொங்குச்சு. எத்தனையோ பேர் வந்து பார்த்தாங்க. பாதிப்பேர் செருப்பைக்கூட மாட்டாம ஓடினாங்க. இப்ப அவங்களே குடிவந்துட்டாங்க."

"அந்தப் பின்னறையில ஒரு பெரியவர்..."

தையல் மெஷின் நின்றது.

"குடித்தனக்காரர். தங்கமான மனுஷன். எதையும் பாக்கி வெச்சதில்ல. காலி பண்ணுங்கன்னதும் தகராறு பண்ணல. 'இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துக்கறேன்'னு மட்டும் கேட்டார். ஓனரோட அப்பாவும் சொல்லல, இந்த ஓனரும் சொல்லல. அந்த நாற்காலியிலயே உக்காந்தபடி போயிட்டார்."

அக்கா வீடு வந்து சேர்ந்ததே அவளுக்கு ஞாபகமில்லை. வீட்டை வாங்க ஓனர் ஆள் தேடவில்லை. நிதானமாகப் பாருங்கள் என்று ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்பிவிட்டு, பெரியவரிடம் 'இருங்க' என்று சொல்லிவிடும் அளவுக்கு மரியாதை தெரிந்த ஒருத்தர் வருவதற்காகக் கேட்டுக்கு வெளியே காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

இதோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அக்கா மறுபடி வீடு தேடினாள். பழைய வீடே வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். ஊரின் இன்னொரு மூலையில் புதுக் கட்டடம் ஒன்று. மூன்றாவது மாடி. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. இதுவரை யாரும் ஒரு நாள்கூடக் குடியிருக்காத வீடு. காகிதங்கள் சுத்தம். கையெழுத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. இந்தத் தடவை நேரில் பார்க்க வக்கீலம்மாவே போனார். அக்காதான் கெஞ்சி அனுப்பினாள்.

அவர் திரும்பி அக்கா வீட்டுக்கு வந்தபோது நானும் அத்தானும் அங்கே இருந்தோம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"எங்கிட்ட ஏம்மா மறைச்சீங்க?" என்றார். குரலில் கோபம்.

"என்ன மேடம்?"

"உள்அறையில ஒருத்தர் குடியிருக்காரே. கண்ணாடி போட்ட பெரியவர்."

அத்தான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் இருக்கச் சொன்னதுன்னு கேட்டேன்" என்றார் வக்கீலம்மா. "உங்க பேரைச் சொன்னார்."

அக்கா தன் பெயரை அவரிடம் சொன்னதே இல்லை.