கல்லாவுக்கு மேலே ஒரு வண்டு

ஜெராக்ஸ் மிஷின் பழுது பார்ப்பவருக்கு விரல் நுனி எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. அதனால் கூட வேலை செய்பவர்கள் அவரை, மிஷினுக்குள் போடும் கறுப்பு மைத்தூளின் பெயரால், டோனர் என்று கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. சொந்தக்காரர்கள் வைத்த பெயர்தான் சுருக்கென்று தைத்தது: ஈப்படக்காரர். அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், மரச்சாமான் கடை முதலாளி.

டோனருக்கு இருந்த ஒரே கிறுக்கு, பூச்சிகளைக் கிட்டத்தில் போய்ப் படம் எடுப்பது. கேமரா யாரோ வைத்திருந்து கழித்துவிட்டது. லென்ஸ், இனித் தேறாது என்று ஓர் அலுவலகம் தூக்கிப்போட்ட ஜெராக்ஸ் மிஷினின் வயிற்றிலிருந்து அவரே கழற்றியது. இரண்டுக்கும் நடுவே விலை மலிந்த வெற்றுக் குழாய்கள். குழாய் நீள நீள உருவம் பெரிதாகும். ஃப்ளாஷ் வெளிச்சம் மூஞ்சியில் அடிக்காமல் பரவுவதற்கு ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டிக் கவிழ்த்திருந்தார். இவ்வளவுதான் அவருடைய சொத்து. இதை வைத்துக்கொண்டு விடிந்ததும் கொல்லைச் சுவரோரம் குந்திவிடுவார். வேலைக்குக் கிளம்பும்வரை ஆள் அசையமாட்டார்.

சகலை கடை திறந்த அன்று, வெறுங்கையோடு போகக்கூடாது என்று தன் படங்களிலேயே ஆசையான ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து, ஃப்ரேம் போட்டுக் கொண்டுபோனார். சுவரில் தாவித் திரியும் சின்னச் சிலந்தி. எட்டுக் கண்ணும் பளபளவென்று ஆளையே பார்க்கும். வீட்டில் அதற்கு எட்டுக்கண்ணி என்று செல்லப் பெயர் வேறு.

சகலை காகிதத்தைப் பிரித்தார். "என்ன சகலை, பேயைப் புடிச்சு ஃப்ரேம் போட்டுட்டீங்களா?" என்றார். அப்புறம் கடைப் பையனைக் கூப்பிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, "இதைக் கொண்டுபோய் பாத்ரூம்ல மாட்டுடா. உள்ள போறவன் சட்டுனு வெளிய வந்துடுவான்!" என்றார்.

கடையே சிரித்தது. மாமியார் சிரித்தார், கொழுந்தியாள் சிரித்தாள். போகட்டும், அவர்கள் அடுத்தவர்கள். டோனரின் மனைவியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அல்ல. கண்ணில் தண்ணீர் வர, பக்கத்திலிருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டோனருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தச் சகலையை இதே கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, இதே மாதிரி சிரிக்க வைக்காவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று அங்கேயே முடிவு கட்டினார்.

கிளம்பும்போது சகலை ஒரு துண்டுக் கட்டையை எடுத்து நீட்டினார். "கோச்சுக்காதீங்க சகலை. உங்க ஈங்க உக்கார மேடை செஞ்சுக்கங்க. நம்ம கடைச் சரக்கு. ஒரு பூச்சி கிட்ட வராது!"

ரோஷக்காரனாக இருந்தால் அந்தக் கட்டையை அங்கேயே வீசியிருக்க வேண்டும். ஆனால் அது கனமாக, நேராக, ஆடாமல் இருந்தது. கிட்டத்தில் படம் எடுக்கிறவனுக்கு ஆடாத கட்டை கிடைத்தால் விடுவானா? வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தார். பழைய மிஷினிலிருந்து எடுத்த, திருகாணியைத் திருப்பினால் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளம் ஒன்றை அதன்மேல் திருகி, சமையலறை ஜன்னலோரம் வைத்தார்.

சில மாதம் கழித்து, கட்டைக்கு அடியில் மாவு கொட்டின மாதிரி தூள் கிடந்தது. மனைவி அவரைத் திட்டிக்கொண்டே துடைத்தாள். மறுநாளும் தூள். குனிந்து பார்த்தால், ஊசியால் குத்தினது போல ஒரு ஓட்டை. லென்ஸை வைத்துப் பார்த்தார். ஓட்டைக்குள்ளிருந்து ஒரு வண்டு அவரைப் பார்த்தது. எள்ளளவுதான் இருக்கும். மரத்தை உள்ளேயே தின்று உளுக்க வைக்கிற சாதி. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் டோனர் வாய்விட்டுச் சிரித்தார்.

பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து படம் எடுக்கிறவர்கள் உண்டு. அவருக்கு அது பிடிக்காது. அதுவும் இந்த வண்டையா? இது வீடு தேடி வந்த விருந்தாளி ஆயிற்றே! விடியற்காலைக் குளிரில் அது தலையை மட்டும் நீட்டி அசையாமல் உட்காரும்வரை காத்திருந்தார். அவ்வளவு கிட்டத்தில் போனால் ஒரு மயிரிழை தூரம்தான் தெளிவாக விழும். அதனால் திருகாணியை ஒரு பொட்டு திருப்பி ஒரு படம், இன்னொரு பொட்டு திருப்பி இன்னொரு படம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தார். திரையில் காளைத் திமில் மாதிரி ஒரு முதுகு எழுந்தது. அதில் வரிசையாக முட்கள். தாடையில் மரத்தூள். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் சகலை ஜாடைகூடத் தெரிந்தது.

கடைக்கு ஒரு வருஷம் நிறைந்த அன்று, பழைய கூட்டம் அப்படியே கூடியது. டோனர் ஆளுயரப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார். வசனம்கூட வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தார்: 'உங்க கடைச் சரக்குல பொறந்தது சகலை!' காகிதத்தைப் பிரித்ததுமே யாராவது, ஐயோ உளு வண்டு என்று கத்துவார்கள், அப்போது இதைச் சொல்ல வேண்டும் என்று கணக்கு.

ஒருத்தரும் கத்தவில்லை. கிட்டத்திலேயே பார்த்துப் பழகியவர்கள் செய்கிற தப்பு அது. வாரக்கணக்கில் அந்த வண்டை யானையளவில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, மற்றவர்கள் கண்ணுக்கு அது வெறும் தூசி என்பதே மறந்துவிட்டது. காண்டாமிருகம் என்றார் ஒருத்தர். பழைய காலத்துப் போர்க்கவசம் என்றார் இன்னொருத்தர்.

"சகலை!" என்று கட்டிப்பிடித்தார் முதலாளி. "என்னா கம்பீரம்! இப்பதான் உருப்படியா ஒண்ணு எடுத்திருக்கீங்க!" அவரே ஸ்டூலில் ஏறி, கல்லாவுக்கு மேலே, தன் தலைக்கு நேராக ஆணியடித்து மாட்டினார்.

வசனம் டோனரின் நாக்கு நுனியில் நின்றது. மேலே வண்டு, கீழே சகலை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். விழுங்கிவிட்டார். இருக்கட்டும், உன் கையாலேயே மாட்டிக்கொண்டாய், உன் கையாலேயே கழற்று!

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. விசிட்டிங் கார்டில் வண்டு. கடைப் பையில் வண்டு. "நம்ம கடை மரத்தோட பலத்துக்கு இதான் அடையாளம் சகலை, வேன்லயும் போடலாம்னு இருக்கேன்" என்று போன் வந்தது. "பெரிசா போடுங்க. தெளிவான படமா அனுப்பறேன்" என்றார் டோனர், தேனாக. சொல்லியிருக்கலாம். சொன்னால் மருந்தடித்து, கெட்ட மரத்தை ஒதுக்கியிருப்பார்கள். ஏன் சொல்ல வேண்டும்? பாத்ரூமில் எட்டுக்கண்ணி சோப்புத் தண்ணீர் பட்டு ஊறிக்கொண்டிருந்தாளே, அவளுக்காக யார் போய்ச் சொன்னார்கள்?

புது வேன் வந்த அன்று மறுபடி எல்லோரும் கூடினார்கள். வேனின் இரண்டு பக்கமும் வண்டு மினுங்கியது. கூல்டிரிங்ஸ் டம்ளர்கள் கை மாறிக்கொண்டிருந்தபோது ஒரு தையல்காரம்மா விடுவிடுவென்று உள்ளே வந்தார். துணி வெட்டுகிற மேசை வாங்கிப் போனவர். கையில் பட்டன் டப்பா.

"போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறீங்க. ஆள் இருக்கற நாளாப் பாத்து வந்திருக்கேன்" என்று டப்பாவைக் கல்லாமேல் கவிழ்த்தார். கொஞ்சம் தூள் விழுந்தது, கூடவே ஒரு கறுப்புப் பொட்டு. "வெட்டற துணியெல்லாம் தூளு. மேசை பூரா ஓட்டை. இது என்னங்க?"

"தூசிம்மா அது" என்றார் முதலாளி.

"தூசிக்குக் கால் இருக்குமா?"

டோனர் மெதுவாக எழுந்து வந்தார். செத்த பிரிண்டரிலிருந்து எடுத்த பொடி லென்ஸ் ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். அதைத் தன் போனின் கேமராமேல் டேப்பால் ஒட்டி, கறுப்புப் பொட்டுக்கு மேலே பிடித்துப் படம் எடுத்து, தையல்காரம்மா பக்கம் திருப்பினார்.

அந்த அம்மா போனைப் பார்த்தார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். மறுபடி போன். மறுபடி சுவர். "அட, இவனேதான்! போட்டோ புடிச்சு மாட்டியே வெச்சிருக்கீங்களா?"

போன் கைக்குக் கை போயிற்று. பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள், வாசலுக்குப் போய் வேனைப் பார்த்துவிட்டு வந்தார்கள். "உங்க கடையில எடுத்த என் கட்டிலுக்கு அடியிலகூட இந்தத் தூள் கிடக்குதே மாப்பிள்ளை!" என்றார் மாமியார். முதலில் களுக்கென்று சிரித்தது யாரென்று தெரியவில்லை. அவ்வளவுதான், கடை அதிர்ந்தது. சகலையின் முகம் செத்துப்போயிற்று. ஸ்டூலை இழுத்துப் போட்டு, படத்தை ஆணியோடு பிடுங்கினார். "இந்தச் சனியனை எங்க கொண்டுபோய்ப் போடறது?"

"பாத்ரூம்ல மாட்டுங்க சகலை" என்றார் டோனர். "உள்ள போறவங்க சட்டுனு வெளிய வந்துடுவாங்க."

அவரே போய் எட்டுக்கண்ணியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஃப்ரேமின் ஓரம் ஊறி உப்பியிருந்தது. கண்கள் அப்படியே இருந்தன. உள்ளே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது தேனாக இனித்தது. மனைவி மட்டும் சிரிக்காமல் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள்.

"நான் தினம் துடைச்ச தூளு... அந்தக் கட்டைதானே?"

"ஆமா."

"இவ்வளவு நாளா தெரிஞ்சும் என்கிட்டகூடச் சொல்லலையே?"

"உன்கிட்டயா? நீதானே அன்னிக்கு எல்லாரையும் விட அதிகமா சிரிச்சே."

அவள் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகு, "இதை வீட்ல எங்க மாட்டப் போறீங்க?" என்று கேட்டாள்.

"நீ சிரிக்காத எடம் ஒண்ணு இருந்தா சொல்லு."

வீடு வரும்வரை அவள் முந்தானையால் ஃப்ரேமின் ஊறிய ஓரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.