சிஸ்டரின் செருப்பும் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலமும்

என் வகுப்பறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு மஞ்சள் பை இருந்தது. ஜவுளிக்கடையின் பெயர் பாதி அழிந்துபோன பை. உள்ளே உள்ளங்கை அகலத்தில் தோல் துண்டுகள் கிடக்கும். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், வழுவழுப்பானது, சொரசொரப்பானது, ஓட்டை விழுந்தது, சாயம் சரியாக ஏறாதது என்று எல்லாம் கலந்து கிடக்கும். அலமாரியைத் திறந்தால் பக்கத்து வகுப்பு டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏன் டீச்சர், ஆம்பூர்ல டேனரி வாசன பத்தலியா, இங்க வேற வெச்சிருக்கீங்க" என்பார். எனக்கு அந்தப் பையின் மேல் அவ்வளவு பெருமை. எழுபதுகளின் கடைசியில், பயிற்சி முடித்த கையோடு வேலூரிலிருந்து வந்து சேர்ந்தவள் நான். நானே கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்த ஒரே பொருள் அதுதான். அந்தப் பையைப் பற்றி எழுதத்தான் இப்போதும் உட்கார்ந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு பிள்ளையின் அம்மாதான் முன்னால் வந்து நிற்கிறார். அவருக்கு நான் செய்தது நல்லதா, கெட்டதா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அந்த அம்மா தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை செய்தார். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலைச் சுரண்டிக் கழுவும் வேலை. விரல் நகங்கள் பழுப்பேறி, உள்ளங்கை எப்போதும் ஊறிப்போய் வெளுத்திருக்கும். அந்த வருடம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே என்னைப் பார்க்க வந்தார். குளித்துத் தலைவாரி, துவைத்த புடவை கட்டிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. கைகள் இரண்டையும் முந்தானைக்குள் வைத்திருந்தார். வேலூரில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு பள்ளி இருப்பதையும், அங்கே ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் இலவசமாகச் சேர்த்துக்கொள்வதையும், ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுத்தான் பிள்ளையை எடுப்பார்கள் என்பதையும் எங்கேயோ விசாரித்து வைத்திருந்தார். "எப்டியாச்சும் அவள நாலு வார்த்த இங்கிலீஷ் பேச வெச்சிடுங்க டீச்சர். இந்தத் தோல் என் கையோட போவட்டும். அவ கை அதத் தொடக் கூடாது" என்றார். நான் ரொம்பத் தைரியமாக, "கவலைய விடுங்கம்மா, அது என் பொறுப்பு" என்றேன். இருபத்திரண்டு வயதில் எதைத்தான் பொறுப்பேற்றுக்கொள்ள மாட்டோம்?

பொறுப்பேற்ற பிறகுதான் தெரிந்தது, எங்கள் வகுப்பில் ஆங்கிலம் என்பது பேச்சு இல்லை, பாட்டு. பாடப்புத்தகத்தில் ஒரு கப்பல் படம் இருக்கும். நான் "திஸ் இஸ் எ ஷிப்" என்பேன். நாற்பது பிள்ளைகளும் ஒரே ராகத்தில் இழுப்பார்கள். படத்தில் கப்பலை எடுத்துவிட்டுக் கோழியை வைத்தாலும் அதே ராகம்தான் வரும். அந்த அம்மாவின் மகள் அதில் சேர்ந்துகூடப் பாட மாட்டாள். வாயை மட்டும் அசைப்பாள். தனியாக எழுப்பி நிறுத்தினால் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டு மாதம் தலைகீழாக நின்று பார்த்தேன். ஒரு வாக்கியம் பெயரவில்லை. டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்த பட அட்டை, பொம்மை, பாட்டு எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது.

ஒரு நாள் இடைவேளையில் பூவரச மரத்தடியில் அதே பெண்ணின் குரல் கணீரென்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் 'செலக்‌ஷன்' விளையாடிக்கொண்டிருந்தார்கள். டேனரியில் பதப்படுத்திய தோலைத் தரம் பிரிப்பதற்கு அந்தப் பெயர். அதற்கென்று அனுபவம் உள்ள ஒருவர் உட்கார்ந்திருப்பார். தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், கட்டைவிரலால் அழுத்துவார், மடிப்பார், மோந்து பார்ப்பார், பிறகு ஃபஸ்ட்டு, செகண்டு, தேர்டு, ரிஜெக்ட் என்று சொல்லிச் சுண்ணக்கட்டியால் குறி போடுவார். அவர் வாயிலிருந்து வந்தால் வந்ததுதான், முதலாளிகூட மறுபேச்சுப் பேச மாட்டார். என் முன்னால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் அங்கே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, பூவரச இலைகளைத் தூக்கிப் பார்த்து, மோந்து, "செகண்டு, நெக்ஸ்ட்டு, ரிஜெக்ட்டு" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். அட, இவளுக்கா ஆங்கிலம் வராது என்று எனக்குத் தோன்றியது.

மறுநாளே ஆளுக்கு ஒரு தோல் துண்டு கொண்டுவரச் சொன்னேன். என் நாற்காலியில் ஒரு பிள்ளை உட்காரும், கையில் சுண்ணக்கட்டி. மற்றவர்கள் வரிசையில் வந்து தங்கள் சரக்கைப் பற்றி ஆங்கிலத்தில் பேசி விற்க வேண்டும். "சார், திஸ் இஸ் கோட் ஸ்கின். வெரி சாஃப்ட். நோ ஹோல்." நாற்காலியில் இருப்பவர் விடமாட்டார். "ஷோ மீ. டர்ன் இட். ஐ ஸீ எ ஹோல். செகண்ட்." முதல் நாள் பத்து வார்த்தை, ஒரே மாதத்தில் அது நூறு வார்த்தையானது. சண்டைகூட ஆங்கிலத்தில் போட்டார்கள். தோல் முடிந்து பெஞ்சு, பலகை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் தரம் பிரித்தார்கள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்த அன்று அவர் குடையை வாங்கி, "ஓல்ட். டூ ஹோல்ஸ். ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் குடையைப் பிடுங்கிக்கொண்டு, "இன்னா டீச்சர் இது, ஸ்கூலா, தோல் மண்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லோரிலும் கெட்டிக்காரி அந்த அம்மாவின் மகள்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் வகுப்பே கப்சிப்.

நடுவில் ஒரு நாள் அவள் தோல் துண்டு இல்லாமல் வந்தாள். பையில் தோலைப் பார்த்த அவள் அம்மா தூக்கிப் போட்டுவிட்டாராம், இரண்டு அடியும் வைத்தாராம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த அம்மா என்னிடம் சொன்ன வார்த்தை மறந்தா போயிற்று? மறக்கவில்லை. "பரவால்ல, இனிமே வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாத. இங்கியே இருக்கட்டும்" என்றேன். அப்படித்தான் அந்த மஞ்சள் பை அலமாரிக்குள் வந்தது. ஆங்கிலம் வந்துவிட்டால் தோல் தானாக விலகிவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு என்றும் இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

ஏப்ரலில் வேலூரில் நேர்காணல். அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார், துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். நீளமான கூடம். சுவரோரம் பெஞ்சுகளில் பெற்றோர்கள், நடுவில் மேஜை போட்டு ஒரு சிஸ்டர். எங்களுக்கு முன்னால் போன பிள்ளைகள் எல்லாம் "மை நேம் இஸ்" என்று ஆரம்பித்து, கண்ணை மேலே செருகி, மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு வந்தன. இவள் முறை வந்தது. உனக்கு என்ன பிடிக்கும் என்று சிஸ்டர் ஆங்கிலத்தில் கேட்டார். "ஐ லைக் செலக்‌ஷன்" என்றாள். அப்படியென்றால் என்ன என்று அவர் கேட்க, இவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "மே ஐ ஸீ யுவர் சேண்டல், சிஸ்டர்?" என்று கேட்டாள். அவர் ஆச்சரியத்தோடு ஒரு செருப்பைக் கழற்றி நீட்டினார். இவள் தரையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாங்கி, வாரைத் திருப்பி, அழுத்தி, வளைத்து, மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள். "திஸ் இஸ் கௌ. நாட் கோட். ஹியர் இஸ் எ கட். செகண்ட் குவாலிட்டி, சிஸ்டர். பட் வெரி ஸ்ட்ராங்" என்றாள்.

சிஸ்டர் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்து இன்னும் இரண்டு சிஸ்டர்கள் வந்துவிட்டார்கள். அவர்களும் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஒருவர் கைப்பையைக் கொடுத்தார். இன்னொருவர் தோலட்டை போட்ட பைபிளைக் கொண்டுவந்து காட்டினார். அதற்கு மட்டும்தான் ஃபஸ்ட் கிடைத்தது. ஏன், எப்படி, எங்கே கற்றுக்கொண்டாய் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். இவள் அசரவில்லை, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். இடத்தை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஜூன் முதல் வாரத்தில் பெட்டி படுக்கையோடு வந்துவிட வேண்டும். கேட்டுக்கு வெளியே வந்து, "சீட் கிடைச்சிடுச்சும்மா" என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

 திரும்பும் வழியில் பள்ளிகொண்டாவில் பஸ் நின்றபோது அந்த அம்மா மகளை இறக்கிக் குழாயடிக்குக் கூட்டிப்போய் அவள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கண்டக்டர் விசில் அடித்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். செருப்பைத் தொட்ட கை, கழுவுகிறார் என்று நினைத்தேன். ஒரு நன்றிகூடச் சொல்லத் தோன்றவில்லையே இந்த அம்மாவுக்கு என்று உள்ளுக்குள் கொஞ்சம் கோபமும் வந்தது. நானும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மே மாதம் ஊருக்குப் போய்விட்டேன்.

ஜூன் இரண்டாம் வாரம் தெருக்குழாயில் அவளைப் பார்த்தேன், இடுப்பில் குடத்தோடு. நீ இன்னும் போகலையா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். நேராக வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். சீட்டு என்ன ஆயிற்று என்றேன்.

"நான்தான் அனுப்பல டீச்சர்."

ஏன் என்று கேட்டபோது முறத்தைக் கீழே வைத்தார். "எத்தினி பேர் முன்னால. காலுல கெடந்த செருப்பக் கழட்டி அவ கைல குடுத்தாங்க. எம் பொண்ணு குந்திக்கினு அத மோந்து பாக்குது. ஒண்ணு பத்தலன்னு உள்ளேர்ந்து ஆளக் கூப்ட்டு இன்னும் குடுத்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நாங்க எந்த வேல செய்றவங்கன்னு மூஞ்சிலியா எழுதி ஒட்டிருக்கு? சரி, அவங்களுக்குத்தான் எங்க மனசு தெரியல. நீங்களும் சிரிச்சீங்களே டீச்சர்."

 அந்தக் கூடத்தில் ஆங்கிலம் புரியாதவர் ஒருவர் இருந்தார், அவருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும், கண்ணுக்கு மகளும் செருப்பும் மட்டும்தான் தெரிந்திருக்கும் என்பது அந்த நிமிஷம்வரை எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு அவள் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் கேட்டது, செருப்பு கண்ணில் படவே இல்லை. கேலி இல்லைம்மா, மெச்சிச் சிரித்தார்கள் என்று அரக்கப்பரக்கச் சொன்னேன். "அப்பிடின்னா இன்னா பேசினாங்க, சொல்லுங்க" என்றார். அங்கேயே உட்கார்ந்து, சிஸ்டர் கேட்டது, இவள் சொன்னது, திரும்பக் கேட்டது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மகள் குடத்தை இறக்கிவிட்டு வந்து நான் விட்டதை எடுத்துக்கொடுத்தாள். "ரொம்ப கெட்டின்னும் சொன்னேன் டீச்சர், அத விட்டுட்டீங்க" என்றாள். அந்த அம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு, "இத பஸ்ஸுலியே சொல்லிருக்கலாமே டீச்சர்" என்றார்.

சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பீர்களா என்று கேட்டேன். முறத்தைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "தெரியல டீச்சர். இன்னா பேசினாலும் செருப்பு செருப்புதானே" என்றார். மறுநாள் வேலூருக்கு ஓடினேன். சிஸ்டருக்கு நன்றாக நினைவிருந்தது, ஏன் அந்தப் பிள்ளையைக் கொண்டுவரவில்லை என்று என்னையே கேட்டார். இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டிருந்தது.

அவள் உள்ளூரிலேயே எட்டாவது வரை படித்தாள். எண்பதுகளில் ஊரைச் சுற்றி ஷூ கம்பெனிகள் வந்தபோது ஒன்றில் தையலுக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்காக நின்றவள் என்னைப் பார்த்து ஓடிவந்து, வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் பேசுவதற்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். நான் சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்று தெரியாமல் நின்றேன். அவள் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக ஆங்கிலம் கற்பிப்பது எப்படி என்று பேசக் கூப்பிடுகிறார்கள். செலக்‌ஷன் கதையைச் சொல்வேன். தலைமையாசிரியர் குடையில் ஆரம்பிக்கும் சிரிப்பு, சிஸ்டர் பைபிள் கொண்டுவரும்போது கூரையைத் தொடும். அதோடு நிறுத்திவிடுவேன். போன முறை முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து, "அந்தப் பொண்ணுக்கு சீட் கிடைச்சுதா மேடம்?" என்று கேட்டாள்.

"கிடைச்சுது" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.