எங்கள் தெருவில் சொல்லாத சொல்

என் புருஷன் உயிரோடு வந்து சேர்ந்தபோது நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சோழவந்தானில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரியின் புருஷனும் என் புருஷனும் ரங்கூனில் ஒரே அரிசி ஆலையில் வேலை பார்த்தார்கள். ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்ததும் அங்கிருந்த நம் ஆட்களெல்லாம் கிளம்பினார்கள். பயணிகளை ஏற்றி வந்த பெரிய கப்பல் ஒன்று நடுக்கடலில் மூழ்கிவிட்டது என்று மட்டும் சேதி வந்தது. அதில் யார் ஏறினார்கள், யார் தங்கினார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. அன்றிலிருந்து அவள் காதுபட எங்கள் தெருவில் யாரும் கப்பல் என்ற சொல்லையே எடுப்பதில்லை.

சில மாதம் கழித்து என் புருஷன் காடு மலையெல்லாம் நடந்து, அசாம் வழியாக, எலும்பும் தோலுமாக வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் அவளுக்கும் உயிர் வந்தது. நடந்து வரவும் ஒரு வழி இருக்கிறதே!

“அவுக கப்பல்ல ஏறுனாகளா இல்லையா, அத மட்டும் கேட்டுச் சொல்லுக்கா. ஏறலைன்னா எப்படியும் நடந்து வந்துருவாக” என்றாள்.

அன்றே அவரிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான்தான் பெட்டியத் தூக்கிட்டுப் போயி ஏத்திவிட்டேன். காய்ச்சல்னு என்னைய ஏற விடல.”

மறுநாள் அவளிடம், “அவருக்கு இன்னும் ஒடம்பு சரியில்ல, கொஞ்சம் பொறு” என்றேன். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னேன். வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்து பூ கொடுத்தேன். “நீயே வச்சு விடுக்கா” என்று தலையைக் குனிந்தாள். வைத்துவிட்டேன். தெரிந்தேதான் வைத்தேன். பாவம், இன்னும் நாலு நாள் நிம்மதியாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் வீட்டுச் சந்தோஷத்துக்கு நடுவில் அவள் அழுகைச் சத்தம் கேட்கக்கூடாது என்று இருந்தேன், அவ்வளவுதான்.

உடம்பு தேறியதும் என் புருஷனுக்குப் பழைய கேலிப்பேச்சும் திரும்பியது. ஒருநாள் காலையில் நான் அடுப்படியில் யோசனையாக இருந்ததைப் பார்த்து, “என்னடி, கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கைய வச்சு உக்காந்திருக்க?” என்றார். சொன்ன பிறகுதான், மோர் வாங்க வந்து வாசலில் நின்றவளைக் கவனித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

அவள் அவரிடம் எதையும் கேட்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஒனக்கு எப்பக்கா தெரியும்?” என்றாள்.